வளரும் முழங்காலைக் காப்போம்



மாலையில் பள்ளி விட்டதும் நம் புதுவை நகரின் திடல்கள் உயிர் பெறுகின்றன. உப்பளத்தில் கால்பந்து, லாஸ்பேட்டையில் கூடைப்பந்து, தெருமுனைகளில் கிரிக்கெட், கடலோரக் குப்பங்களின் மணலில் சடுகுடு என்று பிள்ளைகள் ஓடியாடும் காட்சி கண்ணுக்கு இனியது. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற இரும்புக் குண்டு விளையாட்டை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் விரும்பி ஆடுகின்றனர். அதில் முழங்காலுக்கு ஆபத்து மிகக் குறைவு. பிள்ளைகளின் ஆட்டங்களோ அத்தகையன அல்ல. அவற்றில் வேகமான ஓட்டமும், திடீர் நிறுத்தமும், ஊன்றிய காலின்மேல் உடலைத் திருப்புவதும் இடைவிடாது நிகழ்கின்றன. முழங்காலின் உட்காயங்கள் பெரும்பாலும் அந்தத் திருப்பத்திலேயே நேர்கின்றன.

காயம்பட்ட பிள்ளை நொண்டிக்கொண்டு வீடு வந்து சேருகிறான். பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி, "வெறும் சுளுக்குத்தானடா, நீவிவிட்டால் நாளைக்கே ஓடுவாய்" என்கிறாள். தந்தை, "படிக்கிற காலத்தில் விளையாட்டு எதற்கு?" என்று கடிந்துகொள்கிறார். தாயோ, தேர்வு நெருங்குகிறதே என்று கவலையுறுகிறாள். மூவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும், அந்த முழங்காலுக்குள் என்ன நேர்ந்திருக்கிறது என்ற கேள்வியை அங்கு எவரும் எழுப்புவதில்லை. பத்து வயதிலோ பதினைந்து வயதிலோ அக்கேள்வியைக் கேட்கத் தவறினால், நாற்பது வயதில் அப்பிள்ளை படியேற முடியாமல் தவிக்க நேரிடலாம். ஆதலின் இம்மாதம் வளரும் பிள்ளைகளின் முழங்கால் குருத்தெலும்பைப் பற்றிச் சிந்திப்போம்.

முழங்காலுக்குள் இருப்பவை

மேலிருந்து வரும் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. அதற்கு முன்புறக் காவலாக முழங்கால் சில்லு அமைந்துள்ளது. எலும்பும் எலும்பும் நேரடியாக உராய்ந்தால் சில நாட்களிலேயே தேய்ந்துபோகும் அன்றோ? அதைத் தடுக்கவே எலும்பு முனைகளின்மேல் வெண்மையும் வழவழப்பும் கொண்ட குருத்தெலும்பு போர்த்தப்பட்டுள்ளது. இளநீர்க் காயின் உட்புறத்தில் வழுக்கை ஒட்டியிருப்பதைப்போல் அது எலும்போடு ஒட்டியிருக்கும். அதன் தடிப்பு சில மில்லிமீட்டர் மட்டுமே.

இதுவன்றி, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரு குருத்தெலும்பு மெத்தைகள் உள்ளன. உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. மருத்துவர்கள் இவற்றை மெனிஸ்கஸ் என்பர். நாம் இவற்றைப் பிறைக் குருத்தெலும்பு என அழைப்போம். உடலின் எடை ஒரே புள்ளியில் அழுத்தாமல் பரவலாக இறங்கும்படி செய்வதே இவற்றின் தலையாய பணி. எலும்புகளை இழுத்துப் பிணைத்து நிறுத்துபவை நார்கள்.

இங்கு ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துதல் நலம். "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று மக்கள் சொல்வது வழக்கம். பிணைக்கும் நார் அறுந்தாலும் ஜவ்வு, பிறைக் குருத்தெலும்பு கிழிந்தாலும் ஜவ்வு. ஆனால் இவை வேறு வேறு உறுப்புகள். இவற்றுக்கான சிகிச்சையும் வேறு. எனவே மருத்துவர், "ஜவ்வில் கிழிசல்" என்று கூறினால், "நாரா, பிறைக் குருத்தெலும்பா, அல்லது எலும்பின் மேலுள்ள குருத்தெலும்பா?" என்று கேட்டறிவது பெற்றோரின் கடமை.

எலும்பு முனையைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பில் இரத்த நாளங்கள் இல்லை. வலியை உணர்த்தும் நரம்புகளும் இல்லை. இரத்தம் பாயாத இடத்தில் காயம் எளிதில் ஆறாது. நரம்பில்லாத இடத்தில் சேதம் தொடக்கத்தில் வலியாகத் தெரியாது. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே இலண்டனில் எழுதிவைத்தார். அவ்வுண்மை இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது.

பிள்ளையின் முழங்கால், பெரியவரின் முழங்கால் அன்று

பிள்ளையின் முழங்காலை, பெரியவர் முழங்காலின் சிறிய பதிப்பு என எண்ணுதல் தவறு. மூன்று வேறுபாடுகளை மனத்தில் இருத்தவேண்டும்.

முதலாவது, இரத்த ஓட்டம். குழந்தை பிறக்கும்போது பிறைக் குருத்தெலும்பு முழுவதிலும் இரத்த நாளங்கள் பரவியுள்ளன. வளர வளர அவை உட்புறத்திலிருந்து மறைகின்றன. ஏறத்தாழ பத்து வயதில் வெளியோரத்தில் மட்டுமே, பெரியவர்களுக்கு இருப்பதுபோல, இரத்த ஓட்டம் எஞ்சுகிறது. ஆயினும் வளரிளம் பருவத்தில் தைக்கப்பட்ட கிழிசல் ஆறுவதற்குப் பெரியவர்களைக் காட்டிலும் நல்ல வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, வளர்ச்சித் தட்டு. எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைகளுக்கு அருகிலுள்ள மெல்லிய குருத்தெலும்புத் தட்டுகளால்தான். ஒரு காலின் மொத்த வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள இரு தட்டுகளிலிருந்தே உண்டாகிறது. பெண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதளவிலும், ஆண்பிள்ளைகளுக்கு 16, 17 வயதளவிலும் இவை மூடிக்கொள்கின்றன. அதற்கு முன் செய்யும் எந்த அறுவையும் இத்தட்டுகளைக் காயப்படுத்தாதவாறு திட்டமிடப்பட வேண்டும். இல்லையேல் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும்.

மூன்றாவது, காலம். அறுபது வயதினரின் மூட்டு இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தால் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மூட்டோ அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கவேண்டும். அதில் இழக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அத்தனை ஆண்டுகள் விலை கொடுக்க நேரும்.

ஆகவே, வளரும் முழங்காலுக்கு ஆறும் ஆற்றல் மிகுதி. தவறவிட்டால் இழப்பும் மிகுதி. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மூவகைச் சேதங்கள்

பிள்ளைகளிடம் பொதுவாகக் காணப்படும் குருத்தெலும்புச் சேதங்கள் மூன்று வகைப்படும்.

பிறைக் குருத்தெலும்பு கிழிதல் முதல் வகை. கால் ஊன்றியிருக்கும்போது உடல் திரும்புவதால் இது நேரும். சில பிள்ளைகளுக்கு வெளிப்புறக் குருத்தெலும்பு பிறவியிலேயே பிறை வடிவில் இராமல் வட்டத் தட்டுப்போல் அமைந்திருக்கும். கிழக்காசிய நாட்டினரிடையே இது மிகுதி எனினும் நம்மவரிடையேயும் உண்டு. இத்தகைய பிள்ளை எங்கும் விழாமலே, நடக்கும்போது முழங்காலில் 'டக்' என்ற ஒலி கேட்பதாகச் சொல்லும். வலியில்லாத வெறும் ஒலிக்குச் சிகிச்சை தேவைப்படுவது அரிது. வலியோ, வீக்கமோ, காலை முழுமையாக நீட்ட இயலாமையோ சேர்ந்தால் அதனைக் கவனித்தல் வேண்டும்.

இரண்டாவது, முழங்கால் சில்லு இடம் பெயரும்போது குருத்தெலும்பின் ஒரு துண்டு எலும்போடு பெயர்ந்துவிடுதல். பதின்ம வயதினரிடம் இது மிகுதி. சில்லு தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதால், "சரியாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைகின்றனர். பெயர்ந்த துண்டோ மூட்டுக்குள் மிதந்துகொண்டிருக்கும். சில நாட்களுக்குள் கண்டறிந்தால் பல வேளைகளில் அதைப் பழைய இடத்திலேயே பொருத்திவிடலாம். மாதங்கள் கழிந்தால் துண்டும், அது இருந்த பள்ளமும் உருமாறி, பொருத்துதல் கடினமாகிவிடும்.

மூன்றாவது, அடிபடாமலே உண்டாவது. குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பின் சிறு பகுதி வலுவிழந்து, மேலுள்ள குருத்தெலும்புடன் மெல்லத் தளர்கிறது. 1880களின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக் இதற்குப் பெயரிட்டார். பத்து வயதிற்குமேல் மிகுதியாக விளையாடும் பிள்ளைகளிடம் இது காணப்படுகிறது. ஓயாத ஓட்டமும் தாவலும் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தாக்குவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. "விளையாடிய பின் வலிக்கிறது, ஓய்வெடுத்தால் விட்டுவிடுகிறது" என்று பிள்ளை பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தால் இதனை நினைவுகூர வேண்டும்.

காலந் தாழ்த்தக் கூடாத அடையாளங்கள்

அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கினால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அது வெறும் சுளுக்கு அன்று. மறுநாள் மெல்ல வீங்குவதும் கவனிக்கத்தக்கதே. கால் ஒரு நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமற் போதல், நடக்கையில் கால் திடீரென மடங்கி விழச் செய்தல், காலூன்ற முடியாமை, இரு வாரங்களுக்கு மேற்பட்ட நொண்டல் ஆகியன எலும்பு மருத்துவரைக் காணவேண்டிய அடையாளங்களாகும்.

இன்னும் சிலவற்றில் மிகுந்த விழிப்பு தேவை. முழங்கால் வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும் ஆதலால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும், ஓயாது பெருகும் வீக்கமும் வேறு கொடிய நோய்களின் குறியாக இருக்கக்கூடும். இடுப்பு மூட்டின் நோய்கள் முழங்கால் வலியாகத் தோன்றுவதும் பிள்ளைகளிடம் உண்டு. ஆகவே முழங்கால் வலிக்கிறது என்னும் பிள்ளையின் இடுப்பையும் சோதிக்கும் மருத்துவர் தம் கடமையைச் சரிவரச் செய்கிறார் என்று அறிக.

எல்லா வலியும் குருத்தெலும்புச் சேதம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வேகமாக வளரும் வயதில் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலிப்பது மிகவும் பொதுவானது. ஓட்டத்தைக் குறைத்து, தொடைத் தசைகளுக்கு நீட்டல் பயிற்சி தந்தால் வளர்ச்சி முடியும்போது அது பெரும்பாலும் தானே அடங்கும். அச்சமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

நீவுதலும் கட்டுதலும்

அடிபட்ட உடன் செய்யவேண்டியவை எளியவை. ஆட்டத்தை நிறுத்துக. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, சில மணிக்கொருமுறை திரும்பச் செய்க. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க. அளவான துணிக்கட்டு போதும். எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுதலும், பூட்டிக்கொண்ட காலை வலிந்து இழுத்து நீட்டுதலும் ஆகா. கிழிந்த பகுதி அதனால் மேலும் கிழியும். தளர்ந்த துண்டு முற்றிலும் பெயரும்.

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போடுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். அந்தக் கைத்திறனை நாம் இகழவில்லை. ஆனால் கட்டு எலும்பை அசையாமல் நிறுத்தவே உதவும். மூட்டுக்குள் கிழிந்து மடிந்துகிடக்கும் குருத்தெலும்பை வெளியிலிருந்து கட்டித் திருத்த எக்கட்டாலும் இயலாது. அளவுமீறி இறுகும் கட்டோ பேராபத்து.

இறுக்கமான கட்டின் கொடுமைக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில், கல்லூரியில் பயின்றுவந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் நார் கிழிந்ததற்காக அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்துகொண்டார். அறுவைக்குப் பின் இடப்பட்ட அழுத்தக் கட்டினால் காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்று காலையே நீக்க நேர்ந்தது. அதன் பின்னும் பல உறுப்புகள் செயலிழந்து, நவம்பர் 15ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தமிழகமே கண்ணீர் விட்டது.

அறுவையைக் கண்டு அஞ்சி ஓடுவதற்காக இதனை எடுத்துரைக்கவில்லை. முழங்கால் அறுவைகள் எத்தனையோ நாள்தோறும் நலமே முடிகின்றன. கட்டு யார் போட்டதாயினும், வீட்டார் கண்காணிக்க வேண்டும் என்பதே இதன் பாடம். கட்டிய பின் வலி குறையாமல் நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டே போதல், கால்விரல்கள் மரத்துப்போதல், குளிர்ந்துபோதல், வெளிறுதல் அல்லது நீலமாதல், விரலை அசைக்க முடியாமை ஆகிய குறிகளில் ஒன்று தோன்றினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். நள்ளிரவாயினும் செவிலியரையும் மருத்துவரையும் அழைத்துக் கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். "பொறுத்துக்கொள், ஆண்பிள்ளை அழலாமா?" என்று பிள்ளையின் வாயை அடைக்க வேண்டா. அத்தருணத்தில் பிள்ளையின் முறையீடே அதன் காலைக் காக்கும் எச்சரிக்கை மணி.

சோதனைகள்

சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. எனவே, "படத்தில் ஒன்றுமில்லை" என்பதால் மூட்டுக்குள் ஒன்றுமில்லை என்று ஆகாது. ஆயினும் எலும்புத் துண்டு பெயர்ந்திருப்பதையும், வளர்ச்சித் தட்டுகளின் நிலையையும் அறிய எக்ஸ்ரே தேவையே. குருத்தெலும்பையும் நார்களையும் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். எல்லா முழங்கால் வலிக்கும் அது தேவையில்லை. மருத்துவர் கையால் சோதித்து ஐயுற்ற பின்னரே அதற்குப் பணம் செலவிடுதல் முறை.

நம் ஊரில் இவற்றுக்கு வசதி இல்லாமலில்லை. பாரதி பூங்காவின் அருகே இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியைத் தன் தொடக்கமாகக் கொண்டு, 1964ஆம் ஆண்டு முதல் ஜிப்மர் என்னும் பெயரால் கோரிமேட்டில் விளங்கும் பெருநிலையமும் உள்ளது. இரண்டிலும் எலும்பு மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. வரிசையில் நின்று சீட்டு வாங்கும் ஒரு நாள் தொல்லைக்கு அஞ்சி, பிள்ளையின் காலைப் பணயம் வைத்தல் தகாது.

அகற்றுதலினின்று காத்தலுக்கு

முழங்கால் மருத்துவத்தின் வரலாறு, பெற்றோர் அறியவேண்டிய ஒரு மனமாற்றத்தின் வரலாறாகும். 1883ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் தாமஸ் அன்னண்டேல் என்பவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கிழிந்த பிறைக் குருத்தெலும்பை எடுத்துவிடாமல் தைத்துப் பொருத்தினார். ஆனால் பின்வந்தோர் பலர் அவர் வழியைத் தொடரவில்லை. பிறைக் குருத்தெலும்பு பயனற்ற எச்சம் என்று எண்ணி, கிழிந்தால் முழுவதையும் அகற்றுவதே வழக்கமாயிற்று. நோயாளி சில வாரங்களில் எழுந்து நடந்தார், எல்லாரும் மகிழ்ந்தனர்.

1948ஆம் ஆண்டில் ஃபேர்பேங்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அவ்வாறு அகற்றப்பட்டவர்களின் எக்ஸ்ரே படங்களைக் கூர்ந்து நோக்கினார். மூட்டின் இடைவெளி குறுகியிருந்தது. எலும்பின் விளிம்பு தட்டையாகியிருந்தது. ஓரத்தில் புதிய எலும்பு முளைத்திருந்தது. மெத்தை போனபின் சுமை நேரே எலும்பின்மேல் இறங்கிற்று என்பது புலனாயிற்று. ஆயினும் இப்பாடம் எங்கும் பரவப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பிள்ளைப் பருவத்தில் முழுவதும் அகற்றப்பட்டவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, பலர் நடுவயதிலேயே மூட்டுத் தேய்மானத்துக்கு ஆளாகியிருந்தனர்.

இதற்கிடையே ஜப்பானில் ஒரு புதுவழி உருவாயிற்று. 1918ஆம் ஆண்டில் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர், சிறுநீர்ப்பையைச் சோதிக்கும் குழாயால் முழங்காலின் உட்புறத்தை நோக்கினார். அவர் வழிவந்த மசாகி வத்தனபே 1962ஆம் ஆண்டில், கூடைப்பந்து ஆடுகையில் முழங்காலைத் திருகிக்கொண்ட 17 வயது இளைஞனுக்குச் சிறு துளை வழியாகவே கிழிந்த பகுதியை மட்டும் நீக்கினார். மூட்டு உள்நோக்கி வழியே செய்யும் இன்றைய அறுவைகளுக்கு இதுவே தொடக்கம்.

இன்றைய நெறி யாதெனில், காக்கக்கூடியதைக் காத்தல். பிள்ளைகளின் பிறைக் குருத்தெலும்பு கிழிந்தால் கூடியமட்டும் தைப்பர். தைக்கவே இயலாத சிறு துண்டை மட்டும் நீக்குவர். வட்டத் தட்டு வடிவினதாயின், நடுப்பகுதியைச் செதுக்கிப் பிறை வடிவாக்கி ஓரத்தை நிலைநிறுத்துவர். பெயர்ந்த துண்டை, நாளடைவில் கரையும் சிறு ஊசிகளாலோ திருகாணிகளாலோ பொருத்துவர்.

மூன்றாம் வகைச் சேதத்தில், வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாதிருந்து, துண்டும் தளராதிருந்தால், முதல் மருந்து ஓய்வே. ஓட்டமும் தாவலும் இன்றி மூன்று முதல் ஆறு மாதங்கள் பொறுத்தால் அத்தகைய பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேர்க்கோ அதற்கு மேற்பட்டோர்க்கோ கத்தி படாமலே குணமாகிறது. குணமாகாவிடின், எலும்பில் நுண்துளைகள் இட்டு இரத்தம் ஊறச்செய்யும் சிறிய அறுவை பெரிதும் பயனளிக்கிறது.

குருத்தெலும்பு முற்றிலும் அழிந்து பள்ளம் விழுந்த நிலைக்கும் வழிகள் பிறந்துள்ளன. சுவீடனில் பிரிட்பெர்க், பீட்டர்சன் முதலியோர், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு உயிரணுக்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் மூட்டில் வைத்த முறையை 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் சிகிச்சை அளித்த 23 பேரில் மிக இளையவருக்கு வயது 14. இது அரிய முன்னேற்றமே. எனினும் செலவு மிக்கது. எல்லாச் சேதத்துக்கும் ஏற்றதும் அன்று. எந்த ஊசி மருந்தோ மாத்திரையோ இழந்த குருத்தெலும்பை முளைக்கச் செய்யும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்பிப் பொருளை இழக்காதீர்கள்.

அறுவைக்கு இசையுமுன் மருத்துவரிடம் பணிவோடும் தயக்கமின்றியும் கேட்கவேண்டிய கேள்விகள் சில: சேதம் எவ்வகை? ஓய்வினால் ஆற வாய்ப்புண்டா? தைத்துக் காக்க முடியுமா, எவ்வளவு நீக்க நேரும்? என் பிள்ளையின் வளர்ச்சித் தட்டு திறந்திருக்கிறதா, அதனைக் காக்க என்ன செய்வீர்கள்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார்.

வீட்டில் நடைபெறும் பாதிச் சிகிச்சை

அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை, பாதியே முடிகிறது. துண்டை நீக்கினால் சில வாரங்களில் நடமாடலாம். தைத்தாலோ பல மாதங்கள் பொறுக்கவேண்டும். இதனாலேயே சிலர், "சீக்கிரம் முடியும் வழியையே செய்துவிடுங்கள்" என்கின்றனர். சில மாதங்களைச் சேமிக்கப் பல ஆண்டுகளை இழப்பது அறிவுடைமை ஆகாது.

தைத்தபின் சில வாரங்கள் காலுறைப் பட்டையும் ஊன்றுகோலும் தேவைப்படும். ஏறத்தாழ நான்கு மாதங்கள் குந்தி உட்காருதல் கூடாது. நம் வாழ்க்கை முறையில் இது எளிதன்று. தரையில் சம்மணமிட்டு உண்கிறோம். குந்தும் கழிவறையைப் பயன்படுத்துகிறோம். ஆகவே பிள்ளை வீடு திரும்புமுன் சாப்பிடவும் படிக்கவும் ஒரு நாற்காலியும், கழிவறைக்கு நடுவில் துளையிட்ட நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள். வகுப்பறை மாடியில் இருந்தால், கீழ்த்தளத்தில் அமர அனுமதிக்குமாறு தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுங்கள்.

கோவிலில் முழந்தாட்படியிடுதலும் அக்காலத்தில் கூடாது. அருகிலிருப்போர் என்ன நினைப்பார்களோ என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டா. அமர்ந்து செபித்தாலும் அது செபமே. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்லும் இளைஞர் கூட்டத்தோடு அவ்வாண்டு அனுப்பவும் வேண்டா. அடுத்த ஆண்டும் அன்னையின் திருவிழா வரும்.

தொடைத் தசை வலுவிழந்தால் முழங்கால் காப்பற்றதாகிவிடும். மருத்துவர் இசைவு தந்ததும், முழங்காலின் கீழ் மடித்த துண்டை வைத்து அதனைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல், மடக்காமல் காலை மெல்ல உயர்த்துதல் போன்ற பயிற்சிகளை நாள்தோறும் செய்யவேண்டும். இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சியைப் பிள்ளை வீட்டில் சோர்வால் கைவிடும். அப்போது அருகில் அமர்ந்து எண்ணிக்கை சொல்லும் தாயோ தந்தையோ தாத்தாவோ எந்த மருந்துக்கும் குறைந்தவர் அல்லர்.

வருமுன் காத்தல்

பிள்ளைகளை விளையாட விடாமல் பூட்டிவைப்பது காத்தல் ஆகாது. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 கால்பந்தாட்டப் பெண்களைக் கொண்டு செய்த ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் முறையாக உடலைச் சூடேற்றி, ஒற்றைக் காலில் நிலைபெறவும் முழங்கால் உட்புறம் சாயாமல் குதித்து இறங்கவும் பயின்ற குழுவில், கடுங்காயங்கள் மற்றக் குழுவைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இதற்குக் கருவி வேண்டா, செலவும் இல்லை. நம் பங்கு இளைஞர் மன்றங்களும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களும் இதனை மேற்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டையே ஆடாமல், வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு தருதலும் நன்று.

பெண்பிள்ளைகளைக் குறித்து ஒரு சொல். திரும்புதலும் குதித்தலும் மிகுந்த ஆட்டங்களில் முழங்காலின் நடுநார் அறுதல் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. நார் அறுந்த மூட்டில் பிறைக் குருத்தெலும்பும் நாளடைவில் கிழிகிறது. ஆனால் நம் பெண்பிள்ளைகள் பலர் வலியை வெளியிடுவதில்லை. சொன்னால், "இதற்குத்தான் விளையாடப் போகாதே என்றோம்" என்று திடலையே மூடிவிடுவார்களோ என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் வீட்டில் நிலவுமாயின், எந்த மருத்துவரும் உரிய காலத்தில் அந்த முழங்காலைக் காண இயலாது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை வலிக்கிறது என்றால் முதலில் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எப்படி விழுந்தாய், காலை முழுதும் நீட்ட முடிகிறதா என்று விசாரியுங்கள். இரண்டு முழங்கால்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மகன் என்றும் மகள் என்றும் இதில் வேறுபாடு வேண்டாம்.